சப்டைட்டில் நீக்கும் மென்பொருள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஓராண்டுச் சந்தாதாரர், ஈப்போ

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மென்பொருள் சொன்னபடி வேலை செய்யாததால் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா/அம்மையீர்,

ஒரே சொடுக்கில் சப்டைட்டில் மறையும், அடியிலிருக்கும் அசல் படம் திரும்பும் என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள். அசல் திரும்பும் என்பது உண்மையல்ல. மலேசியாவில் விற்ற பழைய தமிழ்ப் பட விசிடிகளில் மலாய் வரிகள் படத்தோடு படமாகவே பதிந்திருக்கும். டிவிடியில் இருப்பதுபோல் அணைத்து வைக்கத் தனித் தடம் அவற்றில் இல்லை. எழுத்து மூடிய இடத்தில் என்ன இருந்தது என்பது அந்த ஃபிரேமில் (வீடியோவின் ஒரு தனிப் படத்தில்) கிடையாது. கேமரா நகர்ந்தாலோ, ஒரு வரி போய் அடுத்த வரி வருமுன் இடைவெளி விட்டாலோ, பக்கத்து ஃபிரேம்களிலிருந்து அந்த இடத்தை எடுக்கலாம். கேமரா அசையாமல், ஒரே வரி ஷாட் முழுக்க நின்றால் மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். இதைப் பணம் வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும்.

ஊகிக்கத் தேவையில்லாத இடங்களிலும் உங்கள் மென்பொருள் தவறுகிறது. சோதித்த கோப்பு விசிடியின் எம்பெக்-1 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), 352×288 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்.

முதல் குறை மாஸ்க், அதாவது படத்தில் எந்த இடத்தை நீக்கி நிரப்ப வேண்டும் என்று குறிக்கும் பகுதி. எழுத்தை மட்டும் பிடிக்காமல் படத்தின் அடிப்பகுதி முழுவதையும் ஒரு பட்டையாக மங்கலாக்குகிறது. வசனமே இல்லாத நேரத்திலும் பட்டை நிற்கிறது. எழுத்து எழுத்தாக மாஸ்க் எடுக்கும் தேர்வைப் போட்டால் மஞ்சள் கறை மிஞ்சுகிறது. காரணம் எளிது. எம்பெக்-1இல் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான். 8×8 நிறக் கட்டம் ஒன்று திரையில் 16×16 புள்ளிகளை மூடுகிறது. மஞ்சள் எழுத்தின் நிறம் அந்தக் கட்டம் முழுக்கக் கசிந்திருக்கும். எனவே வெளிச்சத்துக்கான மாஸ்க்கை எழுத்தின் கறுப்பு ஓரத்தையும் தாண்டி 3, 4 புள்ளிகள் விரிக்க வேண்டும், நிறத்துக்கான மாஸ்க்கை அதைவிட அகலமாகத் தனியே வைக்க வேண்டும். உங்களிடம் இரண்டுக்கும் ஒரே அளவுதான், அதையும் மாற்ற முடியவில்லை. வரி மறைந்த பிறகும் ஓரிரு ஃபிரேம்களில் அதன் நிழல் தங்குவதால், நேரத்திலும் முன்பின் 2 ஃபிரேம் கூட்ட வழி வேண்டும்.

அடுத்தது, ஷாட் மாறும் இடத்தை மென்பொருள் பார்ப்பதே இல்லை. வெட்டுக்கு அடுத்த ஷாட்டிலிருந்து படத்தை எடுத்து ஒட்டுகிறது. வயல் காட்சியின் அடியில் சுவரின் துண்டு தெரிகிறது.

சேமிக்கும்போதும் கெடுகிறது. படத்தை 4:3 அகல உயர விகிதத்தில் காட்டச் சொல்லும் குறிப்பு தொலைந்துபோவதால் 384 புள்ளி அகலத்தில் தெரிய வேண்டிய படம் 352இல் நிற்கிறது. முகங்கள் ஏறக்குறைய 8 விழுக்காடு ஒடுங்குகின்றன. 25 ஃபிரேமைக் கேட்காமலே 30 ஆக்குவதால் ஐந்துக்கு ஒன்று இரட்டித்து, கேமரா திரும்பும் இடமெல்லாம் திக்குகிறது. எஃப்எஃப்வி1 என்ற வீடியோ முறையைப் போலத் தரம் இழக்காமல் சேமிக்கும் தேர்வும் இல்லை. அதனால் தொடாத மேல்பகுதியும் மறுபடி சுருக்கப்பட்டுக் கட்டம் கட்டமாகிறது.

மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொல்லி இரண்டு முறை பதில் அனுப்பினீர்கள். மேலே உள்ளவற்றில் ஒன்றுகூட நிறுவுவதில் வரும் கோளாறு அல்ல.

சந்தாப் பணம் முழுவதையும் 14 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். நிலையான காட்சியில் நிரப்பப்படுவது ஊகமே என்று விளம்பரத்திலும் எழுதுங்கள். பல வீடுகளில் அந்தப் படங்களுக்கு மிஞ்சியிருப்பது விசிடி ஒன்றுதான். சுத்தமாகிவிட்டது என்று நம்பி மூலக் கோப்பை அழித்தவருக்கு, நாளை நல்ல கருவி வந்தாலும் பயனில்லை. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிவு செய்வேன்.

ஒரே ஃபிரேமின் மூலமும் உங்கள் மென்பொருள் தந்ததும் மூன்று இணைகளாக இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
சந்தாதாரர்