தோள்வலியை மறைத்த மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீ ஒரு விஷயத்தை லேசாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். போன மாதம் கடலுக்கடியில் 38 மீட்டர் ஆழத்தில் டைவிங் வேலை முடித்து மேலே வந்த அன்று ராத்திரி இடது தோள் வலித்தது, யாரிடமும் சொல்லவில்லை, வலி மாத்திரை இரண்டு போட்டேன், மூன்றாம் நாள் தானாகவே சரியாகிவிட்டது என்றாய். டாக்டரைப் பார் தம்பி என்றேன். "சரிப்பா" என்றாய். அந்தச் சரிப்பாவை எனக்குத் தெரியும். அதே குரலில் நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. நமக்கு நாள் சம்பளம். கப்பலில் இருக்கிற நாளுக்குத்தான் காசு. சொன்னால் அழுத்தம் ஏற்றுகிற இரும்பு அறையான சேம்பருக்குள் போடுவார்கள், பிறகு சில நாள் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்தப் பையனுக்கு உடம்பு தாங்காது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் இருந்தது.

உனக்கு ஏழெட்டு வயதில் ஒரு கோலி சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு, அப்பா வேலையில் என்ன ஆபத்து என்று காட்டினேனே, நினைவிருக்கிறதா? கோலி அடைத்திருக்கும்வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தியதும் புஸ்ஸென்று பொங்கும். 30 மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறோம், காற்றில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் போய்க் கரைந்து உட்கார்ந்துகொள்ளும், அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் இப்படித்தான் குமிழி பொங்கும் என்றேன். "அப்போ மெதுவா வாங்கப்பா" என்றாய். எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம், எங்கே எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்கிற டேபிள் எல்லாம் இன்றைக்கு உனக்கு மனப்பாடம். ஆனால் டேபிளை ஒரு நிமிடம்கூட மீறாதவனுக்கும் குமிழி வரலாம் தம்பி. அதையும் படித்திருப்பாய். உன் தோளுக்கு வரும் என்று நினைத்திருக்கமாட்டாய்.

பெரியப்பாவை நினைத்துப் பார். தாத்தா ஒரே மூச்சில் முங்கிச் சங்கு எடுத்தவர். பெரியப்பா காலத்தில் கம்ப்ரசர் வந்துவிட்டது. லாரி டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு கம்ப்ரசர் வள்ளத்தில் ஓடும், அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்க வேண்டியது, பை நிறைந்தால் மேலே வர வேண்டியது. எத்தனை நிமிடம், எங்கே நின்று வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. ஒருநாள் கரைக்கு வந்து வள்ளத்தைவிட்டு இறங்கப் போனவருக்கு இரண்டு காலும் வரவில்லை. கடலில் என்னமோ அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள், பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். நீ பார்த்ததெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவை. அதற்கு முன்னால் பல மாதமாக அவருக்கு முழங்கால் வலி இருந்திருக்கிறது. சொன்னாலும் அதைப் புரிந்துகொள்ள அன்றைக்கு அவருக்கு ஆள் இல்லை. உன் கப்பலில் சேம்பர் இருக்கிறது, சூப்பர்வைசர் இருக்கிறார், கூப்பிட்டால் போனில் டைவிங் டாக்டர் வருவார்.

அடுத்து நான் சொல்லப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை.

1996 டிசம்பர், பாம்பே ஹை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எண்ணெய் வயல். தரை எழுபது எண்பது மீட்டரில். அந்த ஆழத்தில் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலையைக் கிறங்க வைத்துவிடும் என்பதால் ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்து கொடுப்பார்கள். ஆறு பேர், மூன்று வாரம், கப்பலின் மேல்தளத்தில் ஓர் இரும்பு உருளைக்குள். கடலடியில் இருக்கிற அழுத்தம்தான் அந்த அறைக்குள்ளும். பெல் என்கிற அழுத்தக் கூண்டில் இறங்கி வேலை, பெல்லில் ஏறி மறுபடி அறை. நீயும் இப்படி நாள்கணக்காக அழுத்தத்திலேயே இருக்கிற சாச்சுரேஷன் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் அறையை 30 டிகிரிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், இரண்டு டிகிரி இறங்கினால் நடுக்கம் வந்துவிடும். தண்ணீருக்குள் போனால் மேலேயிருந்து குழாயில் வருகிற வெந்நீர் உடைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு மெட்லாக் என்கிற சின்ன இரட்டைக் கதவுப் பெட்டி வழியாக வரும். எதைச் சாப்பிட்டாலும் அட்டையை மெல்கிற மாதிரி இருக்கும். அம்மா கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் ஒன்றுதான் நாக்குக்கு உறைத்தது. பாட்டில் மூடியைத் தளர்த்தி அனுப்பச் சொல்ல வேண்டும். இறுக்கி அனுப்பினால் மூடி உள்வாங்கிவிடும், பாட்டில் உடைந்தாலும் உடையும்.

வேலை முடிந்து அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆழத்திலிருந்து வெளியே வர கிட்டத்தட்ட நான்கு நாள். கதவு திறந்தால் கிறிஸ்துமஸுக்கு ஊர். இரண்டு பேருக்கு அன்று சாயங்காலமே ரயில். இன்னும் எட்டு மீட்டர் ஆழத்து அழுத்தம் மட்டும் பாக்கி இருக்கும்போது, விடியற்காலையில், வலது தோளுக்குள் ஆழத்தில் வலி எழுந்தது. தசைவலி மாதிரி தொட்டால் வலிக்கிற வலி இல்லை. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் விடாத வலி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொன்னால் அழுத்தத்தை மறுபடி ஏற்றுவார்கள், ஒரே அறை என்பதால் ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும், ஐந்து பேருடைய ரயிலும் பண்டிகையும் என்னால் போகும். வெளியிலிருந்து ஸ்பீக்கரில், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். ஹீலியத்தில் எல்லாருடைய குரலும் வாத்துக் குரல்தான். குரலை வைத்து வலியைக் கண்டுபிடிக்க வெளியே இருப்பவருக்கு வழியே இல்லை. வாயைத் திறந்து வார்த்தையாகச் சொன்னால்தான் உண்டு.

அந்தக் கிறிஸ்துமஸில் அம்மாவிடம், ரயிலில் கோணலாகப் படுத்துவிட்டேன் என்றேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். 2008-ல் வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வலது தோள் எலும்பின் தலைப்பகுதியில் கொஞ்சம் செத்துப்போயிருக்கிறது என்றார். எந்த டைவில் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். எனக்குள் ஒரு தேதிதான் ஓடியது. அத்தோடு தண்ணீருக்குள் இறங்குவது நின்றது. போதும் என்று நானே விட்டதாக வீட்டில் சொன்னேன். பரணிலிருந்து எது எடுக்க வேண்டுமென்றாலும், "நீ வளர்ந்துட்ட, நீ ஏறு" என்று உன்னை ஏற்றிவிடுவேனே, உனக்குப் பெருமையாக இருக்கும். அப்பாவால் கையை அந்த உயரத்துக்குத் தூக்க முடியவில்லை ராசா.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அறைக்கு வெளியே, உள்ளே இருப்பவர்களின் காற்றையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிற லைஃப் சப்போர்ட் டெக்னீஷியனாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு உள்ளேயிருந்து ஒரு பையன், அண்ணே முழங்கால் வலிக்குது என்றான். உன் வயதுதான் இருக்கும். சூப்பர்வைசரை எழுப்பினேன். டாக்டரிடம் பேசினோம், அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினோம், மாஸ்க்கில் ஆக்சிஜன் கூடுதலான கலவையைக் கொடுத்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுருங்கியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மற்றவர்கள் வெளியே வர ஒரு நாளுக்கு மேல் தாமதம். ஒருவர் முணுமுணுத்தார், அவ்வளவுதான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. அவன் அடுத்த வருடமும் வேலைக்கு வந்தான்.

ஹால்டேன் என்கிற விஞ்ஞானி 1908-ல் டேபிள் போட்ட கதையைப் பயிற்சியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துத்தான் பார்த்தார். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துத்தான் கணக்கைச் சரிசெய்தார்கள். ஆட்டுக்கு மறைக்கத் தெரியவில்லை.

உன் தோள்வலி வெறும் தசைப்பிடிப்பாகவே இருக்கலாம். நாள் முழுக்க ஷாக்கிளும் சங்கிலியும் தூக்குகிற வேலை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவன் நீ இல்லை, மாத்திரையும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் டேபிள் 6 என்கிற சிகிச்சை, சேம்பரில் 18 மீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜன், ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். அழுத்தத்தில் வலி குறைகிறதா என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். சரி, அது போனது. இப்போது செய்ய வேண்டியது, அடுத்து தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் டைவிங் டாக்டரைப் பார்த்து, நடந்ததை தேதியோடு சொல்லி, இரண்டு தோளுக்கும் எம்.ஆர்.ஐ. எடு. எலும்பு கெட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரிய மாதக்கணக்காகும், எம்.ஆர்.ஐ.யில் முன்னாலேயே தெரியும். பணம் நான் அனுப்புகிறேன். இதனால் ஒரு வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டப்போகிறேன். முப்பது வருடம் மறைத்ததற்கு என்ன சொல்வாளோ தெரியாது. டிசம்பர் வருகிறது, பரணில் இருக்கிற ஸ்டாரை எடுத்துத் தொங்கவிடச் சொல்லி இப்போதே ஆரம்பித்துவிட்டாள். நீ வந்து எடுப்பாய் என்று சொல்லியிருக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற தேதியை எழுது.

அன்புடன்,
அப்பா