பொறுத்திருந்தாலும் இறங்காத விலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கணினி வாங்குவது பற்றி வந்த கட்டுரை, அவசரப்படாமல் பொறுத்திருந்தால் விலை தானாக இறங்கும் என்று சொல்கிறது. டிவிக்கு அது சரி. நிறைய கோர் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதி) உள்ள பெரிய ப்ராசசருக்குச் சரியில்லை. கோத்தகிரியில் சின்னதாக வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். படகர்களின் ஹெத்தை பண்டிகை முடிந்த மறுநாளே வீடியோ எப்போது வரும் என்று கேட்டு போன் வந்துவிடும். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் ரெண்டர் இரவெல்லாம் ஓடும். டிசம்பர் குளிரில் மெஷினின் பின்பக்கம் வரும் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு நானும் தம்பியும் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். அந்த மெஷினுக்கு வயதாகிவிட்டது. மாற்றலாம் என்று இரண்டு வருடமாக விலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

2016-ல் இன்டெல்லின் 10 கோர் ப்ராசசர் ஐ7 6950எக்ஸ் 1,723 டாலர். அந்த மட்டத்தில் எதிர்த்து நிற்க அப்போது யாரும் இல்லை. 2017 ஆகஸ்டில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி, த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ் என்று 16 கோரை 999 டாலருக்குக் கொண்டுவந்தது. கோருக்கு 172 டாலராக இருந்தது 62 ஆயிற்று. ஒரே பெரிய சில்லாக வார்க்காமல் சிறு சில்லுகளைச் சேர்த்துக் கட்டினார்கள்; குறை வந்தால் ஒரு சிறு துண்டுதான் வீணாகும், அதனால் கட்டுப்படியானது. அடுத்த ஆண்டு 12 கோர் த்ரெட்ரிப்பர் 649 டாலருக்கே வந்தது. இன்டெல்லும் இறங்கி வர வேண்டியதாயிற்று. 1,979 டாலருக்கு விற்ற 18 கோர் 9980எக்ஸ்இ-க்கு அடுத்து, 2019 நவம்பரில் அதே 18 கோருடன் வந்த 10980எக்ஸ்இ 979 டாலர். பாதி விலை! இரண்டுமே அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் வந்த சில்லுகள்தான். பக்கத்துக் கடையில் விலை குறைந்தது, இங்கேயும் குறைந்தது.

10980எக்ஸ்இ-க்குப் பிறகு இன்டெல் அந்த வரிசையையே தொடரவில்லை. ஏஎம்டி கிட்டத்தட்ட தனியாக நின்றது. அதற்கு முன்பே, அதே 2019 நவம்பரில், புது த்ரெட்ரிப்பரின் ஆரம்ப விலை 1,399 டாலருக்கு ஏறியிருந்தது. பழைய மதர்போர்டில் அந்தப் புது ப்ராசசர் உட்காராது. 2022-ல் பெரிய நிறுவனங்களுக்கான ப்ரோ மாடல்கள் மட்டும். 2023 நவம்பரில் சாதாரண வரிசை திரும்பி வந்தபோது 24 கோர் 1,499 டாலர். வகுத்துப் பாருங்கள், கோருக்கு அதே 62 டாலர். ஆறு வருடம் கழித்தும் 2017-ன் விலைதான். 2018-ல் 649-க்கு உள்ளே போக முடிந்த இடத்தில் 2023-ல் 1,499 கேட்டார்கள். நமக்கு இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, புது போர்டு, ராம்.

சாதாரண டெஸ்க்டாப்பில் கதையே வேறு. அங்கே இன்டெல்லின் ஐ9 வரிசை விடாமல் மோதியது. 2019-ல் 749 டாலராக இருந்த ஏஎம்டியின் 16 கோர் ரைசன், 2024-ல் 9950எக்ஸாக வரும்போது 649. ஒரே கம்பெனி, ஒரே காலம். போட்டி உள்ள பக்கம் இறங்கியிருக்கிறது, இல்லாத பக்கம் இறங்கவில்லை.

அப்படியானால் அந்த 16 கோரையே வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். எடிட்டிங்குக்குப் போதும்தான். ஆனால் இரண்டு கிராபிக்ஸ் கார்டு, நாலைந்து எஸ்எஸ்டி, ஒரு கேப்சர் கார்டு என்று சேர்த்தால், அவற்றை ப்ராசசரோடு இணைக்கும் பாதைகள் அதில் போதாது. ராமோடு இணைக்கும் மெமரி சேனலும் இரண்டுதான். எங்களைப் போன்ற சின்ன ஸ்டுடியோக்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடைவெளியில்தான்.

இன்டெல்லா ஏஎம்டியா என்று கட்சி கட்டும் இளைஞர்களும் இதை யோசிக்க வேண்டும். ஒருவர் ஒதுங்கிய இடத்தில் மற்றவருடைய வாடிக்கையாளர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ப்ராசசர் விலையை மட்டும் போடாதீர்கள். மதர்போர்டும் ராமும் சேர்த்து, வரியோடு, கையில் எவ்வளவு ஆகும் என்று ரூபாயில் போடுங்கள். முந்தைய தலைமுறையின் விலையையும் பக்கத்திலேயே போடுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் மலையிறங்கி கோவைக்குப் போய், கடை கடையாகக் கேட்டு, வெறுங்கையோடு கடைசி பஸ்ஸில் ஏறும் அலைச்சல் மிச்சமாகும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி