மஞ்சள் கறை படிந்த பிரதிகளைக் கழித்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் நூலகங்களையும் பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் திட்டங்களையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

சிதைந்த நூல்களைக் கணக்கிலிருந்து நீக்கும் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் சமையல் புத்தகம் ஏதேனும் இருந்தால், அந்தப் பிரதியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். இந்த மடலின் முதல் வேண்டுகோள் அதுதான்.

பழைய தமிழ்ச் சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பவள் நான். கிராம், லிட்டர் கணக்கு வருவதற்கு முன்பு அச்சானவை என்றால் எனக்குக் கூடுதல் ஆசை. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் கிடைத்தவற்றில் சில, நூலக முத்திரையோடும் அதன் மேல் நீக்க முத்திரையோடும் இருக்கின்றன. ஒரு நூலகத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். "எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, போதாததற்கு யாரோ பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்கள். அதை எப்படி வாசகருக்குக் கொடுப்பது?" என்றார் பொறுப்பில் இருந்தவர். அவர் தம் கடமையைத்தான் செய்தார். நாவலுக்கும் பாடநூலுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். சமையல் புத்தகத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. கறையும் கிறுக்கலும்தான் அந்தப் பிரதி ஒரு வீட்டில் உழைத்ததற்குச் சான்று. எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சமைத்தார்கள், எதைத் திறக்கவே இல்லை என்று சொல்லக்கூடியது வேறெதுவும் இல்லை.

நமக்கு இந்த இழப்பு புதிதல்ல. பனிவரை மார்பனாகிய வீமன் செய்த நுண்பொருள் பனுவலின், அதாவது சமையல் நூலின், வழி தவறாமல் சமைத்த பல்வேறு அடிசிலைச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. கலைகளை அடுக்கும் மணிமேகலை அவற்றுள் மடைநூற் செய்தியையும், அதாவது சமையல் நூல் அறிவையும், சேர்க்கிறது. சமையலுக்கென நூல் இருந்தது என்ற செய்தி நம்மிடம் இருக்கிறது, நூல்தான் இல்லை. ஓலைக்கு நேர்ந்தது அச்சுக்கும் நேர வேண்டாம்.

அச்சான நூல்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியல்களில் நூலின் பெயர், அச்சுக்கூடம், பக்கங்கள், விலை, அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை வரை இருக்கும். பாகசாஸ்திரம், அதாவது சமையற்கலை, என்று பெயர் வைத்து எத்தனை நூல்கள் வந்தன என்பதை அந்தப் பட்டியல்களைப் பார்த்தே எண்ணிவிடலாம். ஆனால் நூலைத் தேடிப் போனால் கைக்கு எட்டாது. மலிவு விலை, மெல்லிய காகிதம், அடுப்படி வாசம். வாங்கியவர்கள் கிழியும் வரை பயன்படுத்தினார்கள். அலமாரியில் வைத்துப் போற்றும் பண்டமாக அதை யாரும் நினைக்கவில்லை.

அதே சென்னையில் 1878இல், கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஆங்கிலேயக் குடும்பங்களுக்காக எழுதிய சமையல் நூல் வெளிவந்தது. அது மறுபதிப்புக் கண்டிருக்கிறது. ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல நூல்தான், நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் அந்தத் தலைமுறையில் மயிலாப்பூரிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்க் குடும்பங்கள் என்ன சமைத்தன என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி இந்த நூல்களுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் அளவுகள். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று முகத்தல். வீசை, சேர், பலம், ரூபாய் எடை என்று நிறுத்தல். பட்டணம் படி, அதாவது சென்னைப் படி, ஒன்றுக்கு எட்டு ஆழாக்கு. மற்ற ஊர்ப் படிகள் வேறு கொள்ளளவில் இருந்தன. ஆகவே ஒரு நூல் எந்த ஊரில் அச்சானது, எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரியாவிட்டால், அந்த நூலின் ஒரு படி அரிசி எவ்வளவு என்பதே தெரியாது. சேர் இன்னும் சங்கடம். சென்னைக் கணக்கில் எட்டுப் பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். எண்பது தோலா, அதாவது எண்பது ரூபாய் எடை, கொண்ட சேரோ 933 கிராம். ஊறுகாய்க்கு ஒரு சேர் உப்பு என்று படிக்கிறவர் எந்தச் சேர் என்று அறியாமல் போட்டால் மூன்று மடங்கு உப்பு விழும். நூலகப் பட்டியலில் வெறுமனே 'சமையல், தமிழ்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அச்சுக்கூடம், ஊர், பதிப்பு எண் மூன்றும் வேண்டும்.

பதிப்பு எண்ணைத் தனியாக வற்புறுத்தக் காரணம் உண்டு. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951இல் வந்தது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல்தான் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் முன்னும் பின்னும் தமிழ்ச் சமையல் எழுத்து எப்படி மாறியது என்பதை, ஒரே நூலின் பல பதிப்புகளை வரிசையாக வைத்தால்தான் பார்க்க முடியும். ஆழாக்கு எப்போது கப் ஆனது, விறகும் கும்முட்டி அடுப்பும் எப்போது ஸ்டவ்வுக்கு இடம்விட்டன, கல்சட்டி எந்தப் பதிப்போடு மறைந்தது? 'இந்தத் தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது' என்று இரண்டாவது பிரதியைத் திருப்பி அனுப்பும் நூலகம் இந்தக் கேள்விகளையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது.

அடுத்து, ஓரக் குறிப்புகள். இவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என்னிடமுள்ள ஒரு பிரதியில் அடைப் பக்கத்தின் ஓரத்தில், அரிசியைப் பாதியாக்கிக் கோதுமை நொய் சேர்த்த கணக்கு பென்சிலில் இருக்கிறது. கீழே, 'ஊற அதிக நேரம்' என்று ஒரு வரி. தேதி இல்லை. ஆனால் பின்னணி நமக்குத் தெரியும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வரவு நின்றது. பிறகு ரேஷன். 1952இல் ராஜாஜி ஆட்சியில் கட்டுப்பாடு நீங்கும் வரை, அரிசி தின்று வளர்ந்த வீடுகள் கோதுமையோடு போராடின. அந்தப் போராட்டம் அரசு ஆவணங்களில் டன் கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் தன் வீட்டு அடையை அதற்கேற்ப எப்படி மாற்றினாள் என்பது இந்த ஓரத்தில் மட்டுமே இருக்கிறது. இன்னொரு பிரதியில், மைசூர்பாகு செய்முறையின் சர்க்கரை அளவை அடித்துத் திருத்தி, 'இப்படியே சரி' என்று உறுதியான கையில் எழுதியிருக்கிறது. அச்சான ஆசிரியரைத் திருத்தும் துணிவு அந்தக் கைக்கு இருந்தது. பெயர் இல்லாத அந்தப் பெண்களும் என்னைப் பொறுத்தவரை நூலாசிரியர்களே.

இப்போது மின்னாக்கத்துக்கு வருகிறேன். கோப்பின் அளவைக் குறைக்க வேண்டி, பழைய நூல்களை வெறும் கறுப்பு வெள்ளையாக வருடும் (ஸ்கேன் செய்யும்) வழக்கம் இருக்கிறது. அச்செழுத்து அதில் தெளிவாகவே வரும். மங்கிய பென்சில் எழுத்து மறைந்துவிடும்; மஞ்சள் கறை கறுத்த திட்டாகி அடியிலுள்ள எழுத்தையும் விழுங்கும். மென்பொருளில் அழுக்கு நீக்கும் வசதியை வேறு இயக்கினால், எஞ்சிய ஓரக் குறிப்பும் அழுக்கோடு அழுக்காகப் போய்விடும். சமையல் நூல்களையாவது வண்ணத்தில் வருடுங்கள். அட்டையிலிருந்து அட்டை வரை வருடுங்கள். கடைசிப் பக்க விளம்பரங்களில்தான் அந்தக் காலத்துப் பாத்திரக் கடையும் பெருங்காய வியாபாரியும் இருக்கிறார்கள். உள்ளே செருகியிருக்கும் மளிகைச் சீட்டைக் குப்பை என்று எறியாமல், இருந்த பக்கத்திலேயே வைத்து ஒரு படம் எடுங்கள். சீராக வருட வேண்டும் என்பதற்காக முதுகை வெட்டித் தாள்களைப் பிரிக்காதீர்கள். அமிலம் ஏறிய மரக்கூழ்க் காகிதம் அதன்பின் மீண்டும் நூலாகாது. கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை உருக்கி ஒட்டுவதும் கிழிசலைவிடக் கேடு.

உரிமைச் சிக்கல் என்று சிலர் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். பெயர் தெரியாத ஆசிரியரின் நூலுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60. மெட்ரிக்குக்கு முந்தைய நூல்களில் பெரும்பகுதிக்கு இது தடையே ஆகாது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் தூக்கிப் போட்ட துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாவற்றையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு கலைந்துபோகாமல், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. எது முக்கியம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காத ஒருவரால் நமக்குக் கிடைத்த செல்வம் அது.

குடும்பங்களிலிருந்து கையெழுத்துச் சமையல் நோட்டுகள் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சாகவில்லை என்பதால் மறுக்க வேண்டாம். பலர் தர விரும்புகிறார்கள். யாரிடம் தருவது என்று தெரியாமல், வீடு மாறும் நாளில் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள்.

என்னிடம் உள்ளவற்றை மின்னாக்கத்துக்காக இரவலாகத் தர நான் தயாராக இருக்கிறேன். வண்ண வருடல், முதுகை வெட்டாமை, ஓரக் குறிப்புகளை அழிக்காமை ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் உறுதி வேண்டும். பட்டியலிடும் பணிக்கும் வருகிறேன். அளவைகளைப் படிக்கவும் பென்சில் எழுத்தைப் பெயர்த்தெழுதவும் எனக்குப் பழக்கம் உண்டு. ஊதியம் வேண்டாம். இவ்வாண்டு நீக்கப் பட்டியலில் வைத்திருக்கும் சமையல் நூல்களை மட்டும், நான் வந்து பார்க்கும் வரை எடைக்குப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சமையல் நூல்களைச் சேகரிக்கும் வாசகி