கடைவீதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

ஆத்தூர்
ஆனி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், பேத்திக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததையும் அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நம் கடைவீதியில் பரம்பரைக் கடைகள் இவ்வளவு குறைந்துபோனதற்குப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடு இல்லை.

அந்தக் கடைகள் எதை வைத்து நின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலையை வைத்து நிற்கவில்லை, கடனை வைத்து நின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்த வியாபாரி என் தந்தைக்குத் தவணைக்குச் சரக்குக் கொடுப்பார். அந்தத் தவணையை நம்பித் தந்தை சுற்றுக் கிராமத்துக் குடியானவர்களுக்குப் பற்று எழுதுவார். அவர்களோ கிழங்கு வெட்டிய பிறகுதான் கணக்கைத் தீர்ப்பார்கள். மரவள்ளி ஏறத்தாழப் பத்து மாதப் பயிர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தனை மாதமும் ஒரு வீட்டின் பருப்பு, புளி, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் பேரேட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வரை எழுதலாம், யாரிடம் எந்தச் சமயத்தில் கேட்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவரிடம் எத்தனை நாள் கேட்காமல் இருக்க வேண்டும் என்ற அறிவுதான் உண்மையான முதலீடு. கல்லாப்பெட்டியில் இருந்த பணம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த மரவள்ளியே கடைவீதியின் வரலாற்றில் ஒரு திருப்பம். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், மலேயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த மாவு நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. பிறகு நம் பக்கமெல்லாம் ஆலைகள் வந்தன. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, ஆலைச் சரக்கு அங்கே ஏலத்துக்குப் போகத் தொடங்கியது. ஆலைக்கூலி வாரந்தோறும் வந்ததால் கடைக்கும் வாரந்தோறும் பணம் வந்தது. ஏற்காட்டில் இப்படிக் கூலியை ஒட்டி வியாபாரம் நடக்கும் வழக்கம் அதற்கும் முந்தையது என்று நினைக்கிறேன்: 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பிச் செடி தோட்டங்களாகப் பெருகிய பிறகு, மலைமேல் இருந்த கடைகளுக்குத் தோட்டத்துக் கூலி நாள்தான் வியாபார நாள்.

அரசாங்கம் கடைக்குள் நுழைந்த கதையும் நம் மாவட்டத்தோடு சேர்ந்ததுதான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைச் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. கள்ளுக்கடைக்குப் போன காசில் கொஞ்சம் மளிகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் திரும்பியது என்று என் பாட்டனார் மனநிறைவோடு சொல்வதுண்டு. ஆனால் மதுவின் மீதான ஆயத்தீர்வை வருமானம் போன இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதுவரை நாள்வழி என்ற தினக் கணக்கு, பேரேடு, ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் வீட்டாரும் வியாபாரிகளும் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. இனி அதிகாரியும் பார்ப்பார் என்றானது. இரண்டு விதக் கணக்கு எழுதும் வித்தை எப்போது பிறந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் நினைவிருக்கும். ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா. அந்தக் கால் பைசா யாருக்கு என்று கடை முன்னால் தினமும் ஒரு பஞ்சாயத்து. அது அடங்குவதற்குள் வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. வீசை என்பது ஏறத்தாழ 1.4 கிலோ, பாட்டிமார்களோ, கிலோவைக் குறைந்துபோன வீசையாகத்தான் பார்த்தார்கள். தந்தை பல மாதங்கள் இரண்டு விலையும் சொல்லித்தான் விற்றார்.

இதையெல்லாம் தாங்கிய கடைகள் பிறகு ஏன் தளர்ந்தன? நம்மவர்கள் பேசத் தயங்கும் ஒரு காரணம் உண்டு. குடும்பக் கடையின் லாபத்தில் பெரும்பகுதி, கூலி கொடுக்காத உழைப்பு. என் தாயும் சித்தியும் பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளினார்கள், புளிக்குக் கொட்டை எடுத்தார்கள், அரிசி புடைத்தார்கள். நாங்கள் பள்ளி விட்டு வந்ததும் பழைய தாளில் பொட்டலம் மடித்தோம். யார் பெயரிலும் சம்பளம் எழுதியதில்லை. அந்த உழைப்புக்கு ஒரு விலை வைத்திருந்தால், பல கடைகள் அந்தக் காலத்திலேயே நட்டக்கணக்குக் காட்டியிருக்கும்.

அப்படிச் சேர்ந்த பணம் போனது படிப்புக்கு. 1984-க்குப் பிறகு தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, கடைக்காரர்களே முந்திக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். படித்தவன் திரும்பி வந்து தராசு பிடிப்பானா? பிடிக்க வேண்டும் என்று எந்தத் தகப்பனும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது ஒரே கடை இரண்டாகச் சுவர் எழும்பி, இரண்டுக்கும் முதல் போதாமல் போனதும் உண்டு. இன்னொரு பக்கம், வாடிக்கைக்காரர் வீட்டிலும் மாதச் சம்பளக்காரர் ஒருவர் வந்துவிட்டார். கையில் பணம் உள்ளவருக்குப் பற்று தேவையில்லை, பற்று தேவையில்லாதவருக்கு நம் கடைதான் என்ற கட்டாயமும் இல்லை. சூப்பர் மார்க்கெட் வந்தபோது ஏற்கெனவே பாதி காலியாக இருந்த இடத்துக்குத்தான் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லாதவர்கள் இதுவே சாக்கு என்று கதவைச் சாத்தினார்கள்.

இன்றைக்கும் நிற்பவை எவை என்று பார்த்தால் என் எண்ணம் உறுதியாகிறது. நாட்டு மருந்துக் கடை, விதைக் கடை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்து விற்பவர்கள்: வாங்க வருபவர் ஏதாவது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும் கடைகள்தான் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. வெறும் பொட்டலம் எடுத்துக் கொடுக்கும் வேலையை இன்று யாரும் செய்துவிடலாம்.

என் தம்பி மகன் கடையை விடவில்லை. செக்கு ஒன்று போட்டுக் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் கண்ணெதிரே ஆட்டிக் கொடுக்கிறான். வியாபாரம் சுமாருக்கு மேல் என்று சொல்லலாம். பழைய பேரேடுகளை எடைக்குப் போட இருந்தான், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் தாத்தாவின் துணிக்கடைக் கணக்குகள் பரணில் இருந்தால், ஆடிப் பண்டிகைக்கு வரும்போது அவசியம் எடுத்து வாருங்கள். இரண்டு கடையிலும் பற்று வைத்திருந்த குடும்பங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் எண்களில் எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்க வரும்.

அன்புடன்,
உங்கள் பள்ளித் தோழன்