கார்னேஷன் நிறம் மாறியது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நம் நர்சரியில் வாங்கிய வரிப்பூ கார்னேஷன் வெறும் ரோஸ் நிறத்தில், ஒற்றை அடுக்காகப் பூத்துவிட்டது, வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சில வாரங்களாக ஒரு பேச்சு சுற்றுகிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். 'ஏமாற்றி' என்ற அந்தச் சொல்தான் தூங்கவிடவில்லை.

விசாரித்துப் பார்த்தோம். நாங்கள் கொடுத்த செடி வரிவரியாகத்தான் பூத்திருக்கிறது. அதில் காய்த்த விதையை எடுத்து விதைத்திருக்கிறார்கள். ரோஸ் நிறத்தில் பூத்தது அந்த நாற்று. அடுக்குப்பூ ரகங்கள் பல தலைமுறை கலப்பில் வந்தவை. விதை போட்டால் அந்தக் கலப்பெல்லாம் பிரிந்து, என்ன நிறம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பூ வேண்டுமென்றால் தண்டை வெட்டிய துண்டிலிருந்துதான் புதுச் செடி எடுக்க வேண்டும். வாங்கும்போது இதை வாயால் சொன்னோம், சீட்டில் எழுதித் தரவில்லை. அது எங்கள் தவறுதான், சரி. ஆனால் ஏமாற்று இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வரிப்பூ செடியில் எப்போதாவது ஒரு கிளை தானாகவே ஒரே நிறத்துக்குத் திரும்பிவிடும். அதில் துண்டு எடுக்காதீர்கள், அடியோடு வெட்டிவிடுங்கள்.

துண்டு எடுக்க, மொட்டு வைக்காத பக்கக் கிளையாகப் பாருங்கள். 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, மணலும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளும் கலந்த தொட்டியில் ஊன்றுங்கள். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம். 3, 4 வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொண்டு நிற்கும். அதுவே வேர்விட்ட அடையாளம். பலர் கெடுப்பது தண்ணீரில்தான். இலையில் சாம்பல் பூத்தாற்போல் மெழுகு இருக்கிறதே, அது ஈரத்தை ஓரளவு காத்துக்கொள்ளும். தினமும் ஊற்றினால் அடி கறுத்து அழுகும். பயமாக இருந்தால் பதியம் போடுங்கள்: தாழ்ந்த கிளையின் கணுவில் பாதி கீறி, மண்ணில் அமுக்கி, வளைத்த கம்பியால் பிடித்து வைத்தால் 6 முதல் 8 வாரத்தில் வேர்விடும். ஒரு பக்கம் மட்டும் வாடி மஞ்சளான செடியில் கை வைக்காதீர்கள். ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோயாக இருந்தால் துண்டோடு கூடவே வந்துவிடும்.

நாற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால், இந்தப் பருவத்தில் எங்களிடம் வேர்விடாத துண்டுகள் மட்டும்தான் கிடைக்கும், அவை பட்டுப்போனால் மாற்றுத் துண்டு தர இயலாது.

இவ்வளவு பேச்சுக்குப் பிறகும் நேரில் வந்து, "உங்க செடி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் வெட்டிய துண்டோடு வாருங்கள், கணு எங்கே என்று காட்டுகிறோம். புகார் சொன்னவருக்கும் அதே வரிப்பூ தாய்ச்செடியிலிருந்து நான்கு துண்டுகள் ஊன்றி, தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நர்சரி உரிமையாளர்