கொடிகோ சீட்டில் இல்லாத பெயர்கள்: பிலிப்பைன்ஸின் பாசிக் நகரமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு துணை மேயர் அவர்களுக்கும் பாசிக் நகரமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் இந்த நகரத்தின் காப்பிடோல்யோ பகுதியில் வாடகைக்கு இருப்பவன். அலுவலகம் ஒர்டிகாஸில், நடந்தே போய்விடுவேன். 2016 கடைசியில் இந்த ஊருக்கு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று மேயர் தேர்தல்களைப் பார்த்தாயிற்று. ஒன்றில்கூட ஓட்டுப் போட்டதில்லை, போடவும் முடியாது. வெளிநாட்டுக்காரர் யாரும் இங்கே தேர்தலில் எந்த வகையிலும் தலையிடக் கூடாது என்று உங்கள் தேர்தல் சட்டம் சொல்கிறது. அதனால் பிரசார நாள்களில் வாயே திறக்கவில்லை, வேட்பாளர்களின் பாட்டு வண்டி தெருவில் நின்று காதைப் பிளந்தபோதும். இப்போது ஓட்டு எண்ணி, பதவியும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இனிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் தகாலோக், காய்கறிக் கடையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அலுவலகக் கடிதமாகிவிடுகிறது. மனதில் இருப்பதை முதலில் என் மொழியில் எழுதிவிட்டு, பிறகு பெயர்த்துத் தருகிறேன். என் ஊர்க்காரர்கள் நாலு பேர் படித்தால் அதுவும் நல்லதுதான்.

2025 மே 12, திங்கள்கிழமை. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓட்டுச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடம் வரை கைப்பிடித்துக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அவரை நான் 'ஆத்தே' என்று கூப்பிடுவேன். இங்கே அதற்கு அக்கா என்று பொருள். அறுபத்தெட்டு வயது ஆகிறது, முறைப்படி அம்மா என்றுதான் சொல்ல வேண்டும், அவர் விடுவதாக இல்லை. (எங்கள் ஊரில் 'ஆத்தே!' என்பது பயந்தால் தானாக வாயில் வருவது. முதல் வாரம் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.)

ஆத்தே கையில் ஒரு துண்டுச்சீட்டு. பரீட்சைக்கு ஒளித்து எடுத்துப் போகும் பிட்டை இங்கே 'கொடிகோ' என்பார்கள். ஓட்டுப் போடப் போகும்போது எடுத்துப் போகும் சீட்டுக்கும் அதே பெயர்தான். ஒரே வித்தியாசம், இதை ஒளிக்க வேண்டாம். இல்லாமலும் முடியாது. செனட்டர் பன்னிரண்டு பேர், கட்சிப் பட்டியலுக்கு ஒன்று, கீழவைக்கு ஒருவர், மேயர், துணை மேயர், அப்புறம் கவுன்சிலர் ஆறு பேர். ஆக மொத்தம் 22 நீள்வட்டங்களைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். அத்தனை பெயரை யார் மனப்பாடம் செய்வார்கள்?

வழியில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேயர் பெயர் அதில் இல்லை. "அதை எதுக்கு எழுதணும்?" என்றார். சரிதான். செனட்டர் வரிசை யோசித்து எழுதியதாகத் தெரிந்தது, இரண்டு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் போட்டிருந்தார். அடியில் கவுன்சிலர் என்று எழுதிய இடத்தில் மூன்றே பெயர். ஒருவரை டிவியில் பார்த்திருக்கிறாராம். இன்னொருவர் தங்கை போகும் சர்ச்சுக்கு வருபவர். மூன்றாமவருடைய பாட்டு நன்றாக இருந்ததாம். மீதி மூன்று? "உள்ளே போய்ப் பாத்துக்கறேன்."

வாசலிலேயே நின்றேன். மாதிரி ஓட்டுச்சீட்டுகள் தரை முழுக்க மிதிபட்டுக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சிரித்த முகம். ஒரு மணி நேரம் கழித்து ஆத்தே வந்தார், ஆள்காட்டி விரல் நகத்தில் மை. இயந்திரம் தாளை விழுங்கிவிட்டு, யார் யாருக்குப் போட்டோம் என்று ஒரு சீட்டைத் துப்பியதாம். அதைப் படித்துப் பார்த்துப் பெட்டியில் போட்டாராம். "கவுன்சிலர் நாலு பேருக்குப் போட்டேன். நாலாவது ஆள் யாருன்னு அந்தச் சீட்டைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

அந்த நாலாவது ஆள் இப்போது உங்கள் அவையில் உட்கார்ந்திருக்கலாம். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

மேயருக்கு விழுந்த ஓட்டைப் பற்றி நீங்கள் பேசிப் பேசி அலுத்திருப்பீர்கள். விக்கோ சோட்டோவுக்குச் சுமார் 3.5 லட்சம். எதிர்த்து நின்ற கட்டுமான நிறுவன முதலாளி சாரா டிஸ்காயாவால் 30,000-த்தைக்கூடத் தொட முடியவில்லை. மூன்று மாதம் கழித்து, வெள்ளத்தடுப்பு வேலைகளை அதிகமாக அள்ளிய 15 ஒப்பந்த நிறுவனங்களின் பட்டியலை அதிபர் மார்கோஸ் வெளியிட்டபோது, அதில் டிஸ்காயா குடும்பத்தின் நிறுவனங்கள் இரண்டு இருந்தன. அன்று ஆத்தேவின் வீட்டுக் கூடத்தில் தேர்தல் முடிவு இரண்டாவது தடவை வந்த மாதிரி கொண்டாட்டம். அந்த விவகாரம் விசாரிப்பவர்கள் பாடு. ஆனால் அந்தக் கொண்டாட்டத்திலும் ஒருவர் வாயிலும் கவுன்சிலர் பெயர் எதுவும் வரவில்லை.

மேயர் மேல் ஜனங்களுக்கு இவ்வளவு பிரியம் ஏன் என்பதும் எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ், ஜீப்னி எல்லாம் நின்றபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக டிரைசைக்கிள்களை (பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்) ஓடவிட்டார். மேலே இருந்து கூடாது என்றார்கள், நிறுத்திவிட்டார். பிறகும் தேசியப் புலனாய்வுத் துறை அவரை விளக்கம் கேட்டு அழைத்தது, அதுவும் பிறகு வந்த ஒரு சட்டத்தைக் காட்டி. ஆத்தேவின் வீட்டுக்காரர் டிரைசைக்கிள் ஓட்டியவர். அந்தச் சில நாள் நர்சுகளை ஏற்றிப்போனதை இன்றைக்கும் ராணுவத்தில் இருந்தது மாதிரி சொல்வார். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் மேயர் பெயரைச் சீட்டில் எழுத வேண்டியதில்லைதான்.

ஆனால் 2028 ஜூன் 30 நண்பகலில் அவர் இறங்கிவிடுவார். தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் இருக்க முடியாது, 1987 அரசமைப்புச் சட்டம் போட்ட கட்டு. அந்தக் கட்டை இந்த ஊர் எப்படித் தாண்டியது என்பது உங்களுக்குத் தெரியும், என் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1992-இல் விசென்டே யூசேபியோ மேயரானார். மூன்று தவணை முடிந்ததும் மனைவி சொலெடாட், ஒரு தவணை. மறுபடி விசென்டே. பிறகு மகன் பாபி. பாபி இரண்டு தவணை இருந்த பிறகு அவர் மனைவி மாரிபெல். அப்புறம் மறுபடி பாபி. 2019 வரை 27 வருடம். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. சட்டம் ஒரு இடத்தில்கூட மீறப்படவில்லை.

விக்கோ சோட்டோவும் ஆகாயத்திலிருந்து குதித்தவர் இல்லை. அப்பா டிவி நட்சத்திரம், பெரியப்பா செனட் தலைவராக இருந்தவர், பக்கத்துக் கேசோன் சிட்டியில் துணை மேயர் அவருடைய பெரியப்பா மகன். துணை மேயர் அவர்களே, நீங்களும் கூடைப்பந்து ஜாம்பவான், முன்னாள் செனட்டர் ஜவோர்ஸ்கியின் மகன்தான். கூடைப்பந்தைக் கடவுளாகக் கும்பிடும் நாட்டில் அது லேசான பெயரா? குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆள்களும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது என்கிறேன்.

வாரிசு ஆட்சியைத் தடுக்க வேண்டும், அதற்கு இலக்கணத்தைச் சட்டம் வகுக்கும் என்று அதே 1987 அரசமைப்பு சொன்னது. 2025 தேர்தல் வரை அந்தச் சட்டம் வரவே இல்லை. 2016-இல் இளைஞர் மன்றத்துக்கு மட்டும் ஒரு விதி வந்தது: நெருங்கிய உறவினர் பதவியில் இருந்தால் போட்டியிட முடியாது. அந்த இளைஞர் மன்றக் கூட்டமைப்பின் தலைவர் பதவி வழியாக உங்கள் அவையிலும் உறுப்பினர். ஆக, அவையிலேயே சின்னவர் ஒருவருக்குத்தான் இந்த விதி. பெரியவர்கள் உங்கள் யாருக்கும் இல்லை! நாடாளுமன்றம் செய்யாததை நகரமன்றம் செய்ய முடியாது, சரி. ஆனால் என் நாற்காலிக்கு என் மனைவியோ தம்பியோ பிள்ளையோ வரமாட்டார் என்று சபையில் எழுந்து நின்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. உங்களுக்கும் மூன்று தவணைதான். 2028-க்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று நீங்களே குறைத்து எடைபோடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்த நாட்டில் மேயர், துணை மேயர், கவுன்சிலர் ஒவ்வொருவரும் தனித்தனி ஓட்டு வாங்கி வருகிறவர்கள். எங்கள் ஊரில் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்த காலமும் உண்டு. அப்போது மேயர் கவுன்சிலர்களுக்குக் கடன்பட்டவர். இங்கே அப்படி யாரும் யாருக்கும் கடன்படவில்லை. 2019-இல் மேயர் ஒரு பக்கம், துணை மேயர் இயோ பெர்னார்டோ இன்னொரு பக்கம். அவரே 2022-இல் மேயரை எதிர்த்து நின்று தோற்றார். அந்த மூன்று வருடம் யாருக்கும் சுகமாக இருந்திருக்காது. இருந்தாலும், அவையில் ஒருவர் 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உங்களில் பெரும்பாலோர் மேயரின் அணியில் நின்று வென்றவர்கள். யார் கேட்பார்கள்?

புதிய நகர மண்டப வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 960 கோடி பெசோ. பழைய கட்டடம் பாதுகாப்பானது இல்லை என்பது மேயர் தரப்பு. இவ்வளவு செலவா என்பது எதிர்த்தரப்பு. இதில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எதிர்த்தரப்பு வேட்பாளர்கள் மேடையில் கேட்டார்கள் என்பதற்காகவே அது தேர்தலோடு தோற்றுப்போன கேள்வி ஆகிவிடாது. கட்டடம் எழுந்து முடியும்வரை ஒவ்வொரு கட்டத்துக் கணக்கையும் அவையில் வைத்து, நீங்களே, மேயரின் நண்பர்களான நீங்களே, கேட்க வேண்டும். நல்லவர் போடும் கணக்கை யாரும் சரிபார்க்கவில்லை என்றால், நாளைக்கு வருகிறவர் 'அப்போது பார்க்கவில்லையே' என்பார்.

இன்னொன்று. இந்த மேயரின் வேலைகளிலேயே நீண்ட நாள் நிற்கப்போவது அவர் மேயரான பிறகு செய்தது இல்லை என்பது என் கணக்கு. 2016-இல் சுயேச்சையாக நின்று கவுன்சிலரானார். அப்போது மேயர் நாற்காலியில் ஒரு யூசேபியோ. தகவல் அறியும் உரிமைக்கு நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. அப்போதைய அதிபர் 2016-இல் போட்ட ஆணை மத்திய நிர்வாகத்தோடு நின்றுவிட்டது, நகரங்கள் தாங்களே விதி செய்துகொள்ள வேண்டும். அதைக் கவுன்சிலர் சோட்டோ எழுதி, 2018-இல் பாசிக்கில் நகரச் சட்டமாக்கினார். கட்சியும் இல்லை, மேயரும் தன் ஆள் இல்லை. அவை வழியாக ஒரு தனி ஆள் செய்தது. இன்றைக்கு ஆத்தே நகர அலுவலகத்தில் போய் ஒரு ஒப்பந்தத்தின் தாளைக் கேட்டால், கொடுக்க வேண்டியது அதிகாரியின் கடமை. 2028-இல் யார் மேயராக வந்தாலும் அதை வேண்டாம் என்று தள்ள அவை கூடி ஓட்டுப் போட வேண்டும்.

மேயரின் நல்ல பழக்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டிசம்பர் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் நகரத்தின் கிறிஸ்துமஸ் பை வருகிறது. போன வருடப் பையை ஆத்தே சமையலறை ஆணியில் மாட்டி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊர்ப் பெயர் இருக்கிறது, யார் முகமும் இல்லை. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி உங்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். ஆனால் ஒரு பழக்கம் அந்த மனிதரோடு போய்விடும். அடுத்தவர் வந்த முதல் டிசம்பரிலேயே பையில் முகம் சிரிக்கும். எது ஏற்கெனவே சட்டமாக இருக்கிறதோ அதை இறுக்குங்கள். எது வெறும் பழக்கமாக இருக்கிறதோ, முகமில்லாத பையில் தொடங்கி, அத்தனையையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். இன்னும் இருக்கும் நாள்கள் அதற்குப் போதும்.

கடைசியாக, சின்னதாக ஒன்று. 30 பரங்காய் மண்டபங்களிலும் (பரங்காய் என்றால் இங்கே வட்டம், பரங்கிக்காய் என்று நினைத்து நான் பட்ட பாடு தனிக்கதை) வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். அந்த மாதம் எந்தத் தீர்மானம் வந்தது, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார். தகாலோக்கில், பெரிய எழுத்தில், படம் இல்லாமல். கூட்டத்தை இணையத்தில் நேரலையாகப் போட்டால் போதாதா என்பீர்கள். ஆத்தேவுக்கு நேரலை என்றால் பேரனின் கூடைப்பந்து ஆட்டம். பரங்காய் மண்டபத்துக்கோ மூத்தோர் அட்டை விஷயமாக மாதம் ஒரு தடவையாவது போகிறார், வரிசையில் நிற்கிறார், சுவரில் என்ன இருந்தாலும் படிக்கிறார்.

அந்தக் கொடிகோ இன்னும் அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. மூன்று பெயருக்குக் கீழே நாலாவது பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அந்தப் பெயர் யாருடையது என்று இங்கே சொல்லமாட்டேன். 2028 சீட்டை மட்டும் கவுன்சிலரிலிருந்து ஆரம்பித்து எழுதப்போவதாக ஆத்தே சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
காப்பிடோல்யோவில் குடியிருக்கும்,
ஓட்டு இல்லாத ஒரு தமிழன்