களத்தில் நனைந்த மஞ்சள்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்த கிழங்கு களத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன ஒன்று என்னை இன்னும் தூங்கவிடவில்லை. "ஜெபம் பண்ண உட்கார்ந்தாலே, தப்புக் கண்டுபிடிக்க யாரோ எதிரில் நிற்கிற மாதிரி இருக்குதுங்கப்பா" என்றாய். அது யாருடைய முகம் என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது பத்து வயது. மேகம் கட்டினால் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டு நான் ஈரோட்டுக்குப் போயிருந்தேன். விளையாட்டில் நீ மறந்துவிட்டாய். நனைந்த கிழங்கு நிறம் மங்கி, விலை இறங்கியது. மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் இரவு, கோடு போட்ட நோட்டுத் தாளில், "அப்பா மன்னிச்சிருங்க, இனிமேல் விளையாடவே போகமாட்டேன்" என்று பென்சிலால் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருந்தாய். காலையில் படித்தேன். மடித்துப் பையிலேயே போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன். கண்டிப்பான தகப்பன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய மகனும் ஊர் திரும்புமுன் இப்படி ஒரு விண்ணப்பத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் புறப்படுகிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். அதிகாரத்தை மறுபடியும் மெதுவாகப் படித்துப் பார். முதல் இரண்டையும் தகப்பனிடம் சொல்கிறான்; கூலிக்காரன் என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு, உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அதற்கும் முன்னால், மகன் ஒரு வார்த்தை பேசுவதற்குள்ளாகவே, தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். நம் பக்கத்தில் தோட்டங்காடு உள்ள பெரியவர் ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க ஓடுவதை நீ எப்போதாவது கண்டிருக்கிறாயா? உன் தாளில் இருந்ததும் அந்தக் கூலிக்காரன் பேச்சுதான், கண்ணு. பிள்ளையாக இருப்பதற்கு விளையாட்டை விலையாகக் கொடுக்க வந்தாய்; நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் தகப்பன் வாங்கியிருக்கமாட்டார்.

அந்தத் தகப்பன்தான் தேவன். அதனால் என்னை வைத்து அவரை அளக்காதே. பிதா என்ற சொல் உனக்கு இப்போது பாரமாக இருந்தால், உன் அம்மாவை நினைத்துக்கொண்டு தொடங்கு. தாய் பிள்ளையைத் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று ஏசாயா 66:13இல் அவரே சொல்லியிருக்கிறார்.

இயேசு பேசிய அரமேயிக் மொழியில் தகப்பனைக் கூப்பிடும் சொல் ஒன்று, புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் அப்படியே நிற்கிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. "அப்பா" என்ற அந்தச் சொல்லுக்குத் தமிழனிடம் யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாற்குவில் அது வரும் இடம் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த தோட்டம். பாடுகளின் பாத்திரத்தை எடுத்துவிடும் என்று மகன் கெஞ்சிய இரவு, அது எடுக்கப்படவில்லை. அன்பான தகப்பன் என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பவர் என்று நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். கேட்டது கிடைக்காத அந்த இரவிலும் அவர் மகனுக்கு அப்பாவாகவே இருந்தார் என்பதைத்தான் நான் இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆத்தா உன்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். "வா சாமி, ஒரு வாய் சாப்பிடு" என்று களத்துக்கே தட்டோடு வருவார். அந்த மூன்று நாளும் உனக்குச் சோறு ஊட்டியவர் அவர்தான். ஜெபத்தில் எதிரில் யாராவது நிற்பதாகத் தோன்றினால், அந்தக் குரலோடு நிற்பதாக நினைத்துக்கொள். அது என் முகத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்தத் தாளை நேற்று பழைய பெட்டிகளில் எல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. அன்றே எழுதியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். என் கோபம் முதல் நாள் இரவே போய்விட்டது, கண்ணு. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. நீ போய் விளையாடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா